2010 வியோஸ் எஞ்சின் போய்விட்டது: மாமா வீட்டுப் போர்ச்சிலேயே மாற்றலாமா?

போர்ச்சுப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் டொயோட்டா வியோஸ் 1.5, ஆட்டோ கியர், 2010 பதிவு. 2020இல் அப்பா சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். அப்போது முப்பதாயிரம் வெள்ளிச் சொச்சம்தான். 2030 வரை ஓட்டலாம். போன மாதம் பிஐஇ விரைவுச்சாலையில் தம்பி ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் அடுத்த எக்ஸிட் வரை வண்டி ஓடியிருக்கிறது. இப்போது டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வருகிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் அடியிலிருந்து கட கடவென்று சத்தம். வர்க்‌ஷாப்பில் பார்த்தவர்கள் ஹெட் வளைந்துவிட்டது, பேரிங்கும் போய்விட்டது, வேறு எஞ்சின் போடு என்கிறார்கள். கூலியோடு நாலாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள்.

மாமாவுக்கு சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீடு. போர்ச்சில் இரண்டு கார் நிற்கும். "டைல்ஸில் கறை படாமல் எதை வேண்டுமானாலும் செய்துகொள்" என்று சொல்லிவிட்டார். நான் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் மோட்டார் படித்தவன், இப்போது ஏர்கான் வேலை பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், முழு எஞ்சினைத் தூக்கியதில்லை.

சட்டப்படி செய்யலாமா? யாராவது வீட்டில் செய்திருக்கிறீர்களா?

தெம்பனிஸ் 201

கிராப் டாக்ஸி பிடித்துப் போங்கள் ப்ரோ, நிம்மதி.

போர்ச்சுப் பையன்

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

தெம்பனிஸ் 201

அப்படியா, சரி சரி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் பார்க்கில் ஆரம்பித்துவிடாதீர்கள். அங்கே வண்டியை ரிப்பேர் செய்யக் கூடாது. எங்கள் புளோக்கில் ஒருவர் கியர்பாக்ஸை இறக்கி லாட்டிலேயே வைத்திருந்தார், சம்மன் வந்தது. தரைவீடு இருக்கிறதென்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய போமேன்

தம்பி, நான் சின் மிங் கார் பட்டறைகளில் போமேனாக (மேற்பார்வை மெக்கானிக்) காலத்தை ஓட்டியவன். இப்போது ஓய்வு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. உன் கேள்வியில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

எஞ்சின் நம்பர் எங்கே இருக்கிறது? பிளாக்கில். ஹெட்டை மாற்று, பிஸ்டனை மாற்று, கிராங்கை மாற்று, நம்பர் அப்படியே இருக்கும். பிளாக்கை மாற்றினால் நம்பரும் மாறும். காடியின் பதிவில் உள்ள நம்பரும் பிளாக்கில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் அது ரோட்டில் ஓடக்கூடிய காடி இல்லை. ஆகவே முதல் முடிவு, இருக்கிற பிளாக்கை வைத்து ஓவர்ஹாலா, வேறு எஞ்சினா என்பதுதான். போர்ச்சு, கிரேன் எல்லாம் அதற்கு அப்புறம்.

கம்ப்ரெஷன் எடுத்துப் பார்த்தாயா? நாலு சிலிண்டருக்கும் அளவு போடு. ஆயில் பேனைக் கழற்றி உள்ளே என்ன விழுந்து கிடக்கிறது என்றும் பார். பேரிங் போய்விட்டது என்று காதால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. வர்க்‌ஷாப்காரன் ஓவர்ஹாலை விரும்ப மாட்டான், இடத்தை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். எஞ்சின் மாற்றுவது அவனுக்குச் சுளுவு. அதற்காக அவன் சொன்னது பொய் என்றும் இல்லை.

ரீபில்ட் ரசிகன்

அங்கிள் சொன்னது போல ஓவர்ஹால்தான் சரி. ஹாஃப் கட் எஞ்சின், அதாவது வெளிநாட்டுப் பழைய காரின் வெட்டிய முன்பாதியோடு வருவது, இன்னொருவருடைய தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. சொந்த பிளாக்கைப் புதுப்பித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பேப்பர் வேலையும் கிடையாது.

பழைய போமேன்

ஓவர்ஹால்தான் சரி என்று நான் சொல்லவில்லையே. இந்த 1என்இசட் எஞ்சினை எடுத்துக்கொள். அலுமினிய பிளாக், உள்ளே மெல்லிய இரும்பு லைனர். பழைய இரும்பு பிளாக் மாதிரி குடைந்து பெரிய பிஸ்டன் போடலாம் என்று நினைக்காதே, குடைய இடம் கிடையாது. ஹெட் வளைவு அதிகமானால் சீவினாலும் சரிப்படாது, அதிகம் சூடேறிய ஹெட்டில் கேம் உட்காரும் இடமும் கோணிப்போயிருக்கும். கிராங்கில் கோடு விழுந்திருந்தால் அதையும் கிரைண்டிங் கொடுக்க வேண்டும். ஹெட், பேரிங், ரிங், கேஸ்கெட், மெஷின் ஷாப் கூலி என்று கூட்டிப் பார்த்தால் ஓடுகிற எஞ்சினின் விலையைத் தாண்டிவிடும். ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் நானே ஓவர்ஹால் என்பேன். இங்கே அடியில் சத்தம் வருகிறது. பேனைத் திறக்கட்டும், அப்புறம் பேசலாம்.

பாயலேபார் கணக்கர்

நான் இன்சூரன்ஸ் பக்கம் வேலை செய்கிறவள். காகித விஷயங்களைச் சொல்கிறேன்.

எஞ்சினை மாற்றுவதற்கு முன்னாலேயே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். மாற்றிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் விவரம் இருக்கிறது. பிறகு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். எஞ்சின் எங்கே வாங்கியது என்பதற்கு எண் எழுதிய ரசீது இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அதே வகை, அதே சிசி என்றால் பெரும்பாலும் கேள்வி வராது. சொல்லாமல் விட்டால், பின்னால் விபத்து க்ளெய்ம் வரும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இனிக் கணக்கு. சிஓஇ புதுப்பித்த வண்டிக்கு பார்ஃப் கழிவு (காரை ஒழிக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்புவது) கிடையாது. வண்டியை ஒழித்தால் சிஓஇயில் மீதமுள்ள காலத்துக்கான பங்கு மட்டும் திரும்பும். 30,000 வெள்ளி கட்டியிருந்து 4 ஆண்டு மீதி இருந்தால் 12,000 வெள்ளி. இதை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன கார் வாங்க முடியும்? 2023 அக்டோபரில் சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ மட்டுமே 106,000 வெள்ளிக்குப் போனது. சாலை வரியையும் மறக்காதீர்கள். 1.5 லிட்டருக்கு ஆண்டுக்கு 682 வெள்ளி, பத்து வயது தாண்டினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். உங்கள் வண்டிக்கு அந்த உச்சம் வந்துவிட்டது, ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. வருடாந்தரச் சோதனையும் உண்டு. அவ்வளவையும் சேர்த்தாலும் எஞ்சின் மாற்றுவதுதான் மலிவு.

துர்போ தம்பி

எஞ்சினை எடுக்கத்தான் போகிறீர்கள், அப்படியே 1.8 போட்டுவிடுங்கள் ப்ரோ. 2இசட்ஆர் சும்மா பறக்கும்.

பழைய போமேன்

சிசி மாறினால் சாலை வரி மாறும், 1600 தாண்டினால் ஏ பிரிவே இல்லை, மவுண்ட் வேறு, வயரிங் வேறு, கம்ப்யூட்டர் வேறு. அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காடி கேட்கிறான். நீ போய் வீடியோ கேம் விளையாடு.

ஸ்கூடாய்க்காரன்

அண்ணே நான் ஜொகூர் பக்கம், தினமும் பாலம் தாண்டி துவாஸில் வேலைக்கு வருகிறவன். எங்கள் பக்கம் வீட்டில் எஞ்சின் மாற்றுவது பெரிய சங்கதியே இல்லை. கன்சில் என்கிற மலேசியச் சின்ன கார் இருக்கிறதே, அது டைஹாட்சு மீராவின் உடம்புதான். 850 எஞ்சினை எடுத்துவிட்டு மீராவின் 660 டர்போவைப் போடுவார்கள். நாலு சிலிண்டர் ஜேபி-ஜேஎல் எஞ்சின் கிடைத்தால் கம்பத்தில், அதாவது கிராமத்தில், திருவிழா. என் மாமன் வீட்டு வாசலில் மூன்று இரும்புக் குழாயைக் கூடாரமாக நிறுத்தி செயின் புளோக்கில் தூக்குவோம். சின்ன எஞ்சின், இரண்டு பேர் சேர்ந்தால் தள்ளி உட்கார வைத்துவிடலாம். எங்களுக்கும் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகோம் வாகனச் சோதனை எல்லாம் உண்டு. ஒழுங்காகச் செய்கிறவனும் இருக்கிறான், செய்யாதவனும் இருக்கிறான்.

அடுத்து யாராவது "ஜேபியில் (ஜொகூர் பாருவில்) போட்டுக்கொண்டு வா" என்று சொல்வார்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிரேக், அப்சார்பர், டயர் என்றால் தாராளமாக வாருங்கள், எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டேங்க் பெட்ரோலோடு. சிங்கப்பூர் பதிவு வண்டிக்கு எஞ்சின் மட்டும் வேண்டாம். ஓடாத வண்டியைப் பாலத்தைத் தாண்டி இழுத்து வருவதே ஒரு செலவு. திரும்பும்போது உள்ளே வேறு நம்பர் எஞ்சின். உங்கள் ஊர் சோதனையில் என்ன பதில் சொல்வீர்கள்?

கப்பல்பட்டறை அக்கா

தூக்குவதைப் பற்றி யாருமே பேசவில்லை. என் வேலையே அதுதான், ரிக்கிங்.

தம்பி, முதலில் ஒரு கோலிக்குண்டை எடுத்துப் போர்ச்சுத் தரையில் வை. எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார். மழைத்தண்ணீர் வாய்க்காலுக்கு ஓட வேண்டும் என்று எல்லாப் போர்ச்சையும் கேட்டை நோக்கிச் சரிவாகத்தான் கட்டுவார்கள். எஞ்சின் கிரேனின் சக்கரம் சின்னது. மேலே சுமை தொங்கும்போது அந்தச் சரிவே போதும், கிரேன் தானாகக் கேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிக்கும். சக்கரத்துக்குக் கட்டை வை. காரை மூக்கு வீட்டைப் பார்க்கும்படி நிறுத்தினால் கிரேன் மேட்டுப் பக்கம் வரும். எஞ்சினை வெளியே எடுக்கும்போது கிரேனை நகர்த்தாதே, காரைப் பின்னால் தள்ளு. தள்ளுவதற்குக் கார் நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும் என்பதையும் கணக்கில் வை.

டைல்ஸ் மேல் நேராக ஜாக் ஸ்டாண்டு வைக்கக் கூடாது. டைலுக்கு அடியில் சிமெண்டு வெற்றிடமாக இருந்தால் ஒரு காலில் விரிசல் விட்டு ஸ்டாண்டு சாயும். தட்டிப் பார், பொள்ளல் சத்தம் வருகிற டைலைச் சாக்பீஸில் குறித்துவை. முக்கால் அங்குலப் ப்ளைவுட்டைப் பரப்பி அதன்மேல் எல்லாவற்றையும் வை. மாமாவின் கறைப் பிரச்சினையும் அதோடு தீரும்.

போர்ச்சுக் கூரைக் கம்பியில் செயின் புளோக் மாட்டலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அது வெயிலுக்கும் மழைக்கும் போட்ட கம்பி. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல். சங்கிலியை எஞ்சினில் இதற்கென்றே இருக்கிற கொக்கிகளில் மாட்டு, ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாதே. இரண்டு முனைக்கும் நடுவே சங்கிலி ரொம்ப விரிந்து படுத்திருந்தால் இழுவை பல மடங்காகும். லெவலர் என்று ஒரு சாமான் கிடைக்கும், பிடியைத் திருகினால் எஞ்சின் சாயும். அது இல்லாமல் கியர்பாக்ஸோடு சேர்த்து வெளியே எடுப்பது கஷ்டம். என்னிடம் கிரேன் இருக்கிறது, மடக்கி வைப்பது. இரவல் தருகிறேன், லெவலரோடு.

போர்ச்சுப் பையன்

அக்கா, கோடி நன்றி. கோலிக்குண்டு கேட்டை நோக்கித்தான் ஓடியது, கேட்டுக்கு அடியில் புகுந்து வாய்க்காலிலேயே விழுந்துவிட்டது.

ஆயில் பேனைக் கழற்றினேன். அடியில் செம்புநிறத் தூள், விரல் நகம் அளவுக்கு பேரிங் தகடு ஒன்று. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரெஷன் பாதி கூட இல்லை. வேறு எஞ்சின்தான் போமேன் அங்கிள். எஞ்சின் பார்க்கப் போகிறேன், என்னென்ன கவனிக்க வேண்டும்?

பழைய போமேன்

சரி, இப்போது ரீபில்ட் தம்பிக்கும் சந்தேகம் இருக்காது.

ஹாஃப் கட் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் சோதனை. அதற்கு ஆகும் செலவைப் பார்த்து நன்றாக ஓடுகிற காரையே தள்ளிவிடுவார்கள். அதை முன்பாதியாக வெட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். 1என்இசட் எஞ்சின் விட்ஸ், இஸ்ட், ப்ரோபாக்ஸ், கொரோலா ஆக்ஸியோ என்று பல வண்டியில் வந்தது, கிடைப்பது கஷ்டமில்லை. ப்ரோபாக்ஸிலிருந்து வந்தால் மட்டும் இரண்டு தரம் யோசி. அது கம்பெனி வேலைக்கு ஓடிய வண்டி, அதன் எஞ்சின் ஓய்வே அறியாது.

ஓடி நிற்கிற ஹாஃப் கட்டாக இருந்தால் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல். தனி எஞ்சினாகத் தரையில் கிடந்தால் இப்படிப் பார். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடி. தேன்நிறப் படிவு பரவாயில்லை. கறுப்புக் களி இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வா. பிளக் நாலையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கடிகாரச் சுற்றில் கையால் சுற்று. ஒரே மாதிரி சுற்ற வேண்டும், எங்கேயும் பிடிக்கக் கூடாது. பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விடு, சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா பார். தண்ணீர் வழிகளில் துரு இருந்தால் அவன் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறான். கம்ப்ரெஷன் மீட்டரைக் கையோடு கொண்டுபோ. நாலும் நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம், ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வேண்டாம்.

இன்னொன்று. இந்த எஞ்சினில் த்ராட்டிலுக்குக் கேபிள் வைத்ததும் உண்டு, எலக்ட்ரானிக்கும் உண்டு. எந்த வண்டியிலிருந்து வந்தாலும் உன் பழைய எஞ்சினின் இன்டேக், த்ராட்டில், சென்சார், வயரிங் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிப்போடு. உன் கம்ப்யூட்டருக்கு உன் சென்சார்தான் பழக்கம்.

ரீபில்ட் ரசிகன்

நகம் அளவுத் தகட்டைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க கிராங்க் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், பிளக் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தப் பின் சீல் சில வெள்ளிதான். உள்ளே போட்ட பிறகு ஒழுகினால் மறுபடி கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

பழைய போமேன்

இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ரேடியேட்டர் புதிது, மேல் கீழ் ஹோஸ் புதிது, அதையும் சேர்த்துக்கொள்.

போர்ச்சுப் பையன்

இடையில் கொஞ்ச நாள் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். அனுமதி கையில் வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன். எஞ்சின் ஒரு விட்ஸிலிருந்து வந்தது, நம்பர் எழுதிய ரசீதோடு. கம்ப்ரெஷன் நாலும் ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தது.

போமேன் அங்கிள் நேரிலேயே வந்துவிட்டார்! நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல நானும் தம்பியும் செய்தோம். அக்காவின் கிரேன் லாரியில் வந்து இறங்கியது.

பிரிக்கும்போது உதவியவை: ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன்னால் போன் படம். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி இரண்டு முனையிலும் ஒட்டினோம். போல்ட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாக்களில், எங்கிருந்து கழற்றியது என்று எழுதி. பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டோம், பைப்பில் அழுத்தம் இறங்கிவிட்டது. அப்புறம் பேட்டரி நெகட்டிவ்.

ஏர்கான் என் தொழில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், கம்ப்ரசரின் பைப்பைக் கழற்றாதீர்கள். கம்ப்ரசரை மட்டும் எஞ்சினிலிருந்து கழற்றி, பைப்போடு ஓரமாகத் தள்ளிக் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும். கேஸை வெளியே விடவும் வேண்டாம், மறுபடி ஏற்றவும் வேண்டாம். பைப்பின் கழுத்தில் பாரம் இறங்காமல் கட்டுங்கள். இந்த வண்டியில் ஸ்டீயரிங் மோட்டாரில் ஓடுவதால் அந்தப் பக்கம் பம்ப், ஹோஸ் தொல்லை கிடையாது.

எதிர்பார்க்காத இடத்தில் நேரம் போனது. எக்ஸாஸ்ட் முன்குழாயின் இரண்டு போல்ட்டும் துருவேறிக் கல்லாகிவிட்டன. முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மறுநாள் நீளக் கம்பியை மாட்டித் திருகியபோது ஒன்று கழன்றது, இன்னொன்று முறிந்தது. டிரைவ் ஷாஃப்ட்டின் ஹப் நட்டுக்கு 30 சாக்கெட், சக்கரம் தரையில் இருக்கும்போதே தம்பி பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நான் இளக்கிவிட்டேன். ஷாஃப்ட்டின் உள்முனையை நெம்பினதும் கியர் ஆயில் குபுக்கென்று கொட்டியது. தட்டு தயாராக இருந்ததால் மாமா பார்க்கவில்லை.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக மேல்வழியாக வந்தன. கியர்பாக்ஸ் பக்கத்தைத் தாழ்த்தி, லெவலரைத் திருகித் திருகி, தம்பியும் மாமாவும் காரைப் பின்னால் தள்ள, முன் பாரில் உரசாமல் வெளியே வந்ததும் எதிர்வீட்டுத் தாத்தா கைதட்டினார்.

கப்பல்பட்டறை அக்கா

தூக்கின எஞ்சினுக்கு அடியில் யாரும் கையை நீட்டவில்லையே?

போர்ச்சுப் பையன்

இல்லை அக்கா. அங்கிள் கையில் மூங்கில் குச்சி வைத்திருந்தார்.

பழைய போமேன்

கன்வெர்ட்டர் விஷயத்தை அவன் எழுத மறந்துவிட்டான், நான் எழுதுகிறேன். ஆட்டோ கியர் வைத்திருக்கிற எல்லாரும் படியுங்கள்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கும்போது அது கியர்பாக்ஸ் பக்கமே இருக்க வேண்டும். பிரித்த பிறகு அது கொஞ்சம் முன்னால் நழுவி வந்திருக்கும், கண்ணுக்குச் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அதை உள்ளே அழுத்திக்கொண்டே சுற்றிக்கொடுத்தால் டக் என்று ஒரு படி இறங்கும். இன்னும் சுற்று, இன்னொரு டக். கடைசிப் படியில் கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் போய்ப் பல் மாட்டும். பெல் ஹவுசிங் விளிம்பில் ஒரு நேரான கம்பியைக் குறுக்கே வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடு.

இது இறங்காமல் எஞ்சினைச் சேர்த்தால் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். அப்போதுதான் ஆள் தப்புச் செய்கிறான், போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று. இழுத்தால் சேரும், கூடவே பம்பும் நொறுங்கும். எஞ்சின் மாற்றப் போய் கியர்பாக்ஸும் வாங்கின ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைவிரலால் தள்ளியே இரண்டும் முழுக்க ஒட்ட வேண்டும். ஒட்டின பிறகும் கன்வெர்ட்டர் கையால் லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் மறுபடி பிரி. இந்தப் பையனுக்கு முதல் தரம் ஒட்டவில்லை, போல்ட்டை எடுத்தான். குச்சி அங்கேதான் உதவியது.

துர்போ தம்பி

அங்கிள், நான் வந்து கற்றுக்கொள்ளலாமா? உண்மையாகக் கேட்கிறேன்.

பழைய போமேன்

செருப்போடு வராதே, ஷூ போட்டுக்கொண்டு வா.

தெம்பனிஸ் 201

கழிவெல்லாம் என்ன செய்தீர்கள்? போர்ச்சு வாய்க்கால் நேராக நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். அப்புறம் மழையில் நனைகிற தட்டு, பேன், பழைய பானெட் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். எங்கள் சித்தி வீட்டில் ஒரு பூந்தொட்டித் தட்டுக்கு அபராதம் வாங்கினார்கள். கொசுச் சோதனைக்கு வருகிறவர் வியோஸ் பேனையும் விடமாட்டார்.

போர்ச்சுப் பையன்

பழைய ஆயில், கியர் ஆயில், கூலன்ட் மூன்றையும் தனித்தனி டின்னில் மூடிவைத்து, அங்கிளுக்குத் தெரிந்த வர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மோடு அனுப்பினோம். ஒன்றோடொன்று கலந்தால் எடுக்க மாட்டார்களாம். கூலன்ட் இனிப்பாக இருக்கும், பூனை நக்கினால் செத்துவிடும். இந்தத் தெருவில் பூனை அதிகம், ஆகவே சொட்டியதை அன்றன்றே மரத்தூள் போட்டு வாரிவிட்டோம்.

முதல் ஸ்டார்ட்: பெட்ரோல் ஃப்யூஸை எடுத்துவிட்டு, பிளக்கும் இல்லாமல் வெறுமனே ஸ்டார்ட்டரில் சுற்றினோம், ஆயில் விளக்கு அணையும் வரை. அப்புறம் பிளக், ஃப்யூஸ். இரண்டாவது முறுக்கில் பிடித்துக்கொண்டது. சத்தம் இல்லை. மாமா டைல்ஸைத்தான் முதலில் பார்த்தார்.

செக் எஞ்சின் விளக்கு மட்டும் அணையவில்லை. ரீடரில் பி0325, அதாவது நாக் சென்சார் சர்க்கியூட். சென்சார் நன்றாகத்தான் இருந்தது, அதன் கனெக்டர் பிளாஸ்டிக் இத்தனை வருடச் சூட்டில் பொடிந்து, கிளிப் பிடிக்காமல் நின்றிருக்கிறது. ஹாஃப் கட்டோடு வந்த வயரிலிருந்து அந்தக் கனெக்டரை வெட்டி ஒட்டவைத்தேன். அந்தச் சென்சார் எட்டாத இடத்தில் இருக்கிறது, முழங்கை தோல் போய்விட்டது. பழைய வயரிங்கை மாற்றிப் போடும்போதே எல்லா கிளிப்பையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கூலன்ட்டில் காற்று அடைத்துக்கொண்டது இன்னொரு தொல்லை. மூக்குப் பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, மூடி திறந்தபடி, ஃபேன் ஓடி நிற்கும் வரை விட்டு நிரப்பினோம். எஞ்சின் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து, 3.7 லிட்டர் பிடித்தது. இந்த ஆயிலை 500 கிலோமீட்டரில் வடித்துவிடச் சொல்லியிருக்கிறார் அங்கிள்.

பாயலேபார் கணக்கர்

சோதனை?

போர்ச்சுப் பையன்

பாஸ். அவர் டார்ச் அடித்து எஞ்சின் நம்பரைத்தான் நீண்ட நேரம் பார்த்தார். நாங்கள் முன்கூட்டியே அந்த இடத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருந்தோம். பதிவில் புது நம்பர் ஏறிவிட்டது, இன்சூரன்ஸிலிருந்தும் பதில் வந்துவிட்டது. எஞ்சின், ரேடியேட்டர், சீல், மவுண்ட், ஆயில், சோதனை எல்லாம் சேர்த்து வர்க்‌ஷாப் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நானும் தம்பியும் உழைத்த கூலியையும் அங்கிள் குடித்த கோப்பியையும் சேர்க்கவில்லை.

பழைய எஞ்சின் இன்னும் போர்ச்சில் கிடக்கிறது. பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வாரா வாரம் வருகிறார், கொடுத்துவிடலாமா?

பழைய போமேன்

பதிவு மாறினது கையில் தாளாக இருக்கிறதல்லவா, இப்போது கொடுக்கலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காயில் நாலையும் கழற்றி வைத்துக்கொள், 2030 வரை ஏதாவது ஒன்று தேவைப்படும். பிளாக் நம்பரை ஒரு படம் எடுத்துவை. அலுமினியத்துக்கு எடை விலை வேறு, இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதே.

ஸ்கூடாய்க்காரன்

அக்கா, அந்தக் கிரேன் இப்போது யாரிடம்? உட்லண்ட்ஸில் நண்பன் ஒருவன் அனுமதிக்கு எழுதிப்போட்டிருக்கிறான், பழைய ஸ்விஃப்ட், தரைவீடுதான்.

கப்பல்பட்டறை அக்கா

இன்னும் சிராங்கூனில்தான். தம்பியிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை எடுத்துக்கொள்ளட்டும். லாரியோ ஹையேஸ் வேனோ கொண்டுவரச் சொல், மடக்கினாலும் கார் பூட்டில் ஏறாது. ஹைட்ராலிக்கில் ஆயில் லேசாகக் கசிகிறது, சீல் வாங்கி வைத்திருக்கிறேன், மாற்றின பிறகு தூக்கச் சொல்.